கல்மரத்திலிருந்து முதுமக்கள் தாழிவரை

சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் சாலை கொள்ளிடத்தைக் கடக்கிற இடம் அணைக்கரை. ஆர்தர் காட்டன் திட்டமிட்டு 1836-ல் எழுப்பிய கீழணை அங்கேதான் ஆற்றை மறித்து நிற்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் மதகுகளைப் பார்ப்பார்கள், தண்ணீரைப் பார்ப்பார்கள், வண்டி அக்கரை சேர்ந்துவிடும். அணை கட்டக் கல் எங்கிருந்து வந்தது என்ற பேச்சே எழாது.

கல் வந்தது கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து. கார் கால் மணி நேரத்தில் எட்டிவிடும் தூரம். ராஜேந்திர சோழன் கட்டிய பெருங்கோயிலைச் சுற்றியிருந்த மதிலையும், சிற்பங்கள் செதுக்கிய கருங்கற்களையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஊர்க்காரர்கள் தடுத்தார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அவர்களிடம் சொல்லப்பட்டது. அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று 1855-ம் ஆண்டுக் குறிப்பொன்று பதிவு செய்திருக்கிறது.

கீழணையில் திரும்பும் தண்ணீர் வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்குப் போகிறது. முதலாம் பராந்தகன் காலத்து ஏரி அது. 2004 முதல் அந்த ஏரித் தண்ணீர் குழாயில் சென்னைக்கு வருகிறது. ஆக, தலைநகரின் வீடுகளில் ஒரு பகுதி குடிக்கும் தண்ணீர், ஒரு சோழனின் கோயில் மதிலை விழுங்கிய அணையில் திரும்பி, அவன் முன்னோன் வெட்டிய ஏரியில் நிறைந்து, அங்கிருந்து புறப்பட்டு வருகிறது.

இந்த மூன்றையும் ஒரே கண்ணாடிப் பேழைக்குள் எந்த அருங்காட்சியகமும் வைக்க முடியாது. கோயில் மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. அணையும் ஏரியும் மாநிலத்தின் நீர்வளத் துறையிடம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலையில் போகிறவருக்குத்தான் அந்தக் கதை முழுதாகக் கிடைக்கும். தமிழ்நாட்டின் பழமை பெரும்பாலும் இப்படித்தான் துண்டு துண்டாக, துறை துறையாகப் பிரிந்து கிடக்கிறது. கல்மரப் பூங்காக்கள் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு, மான்களும் பறவைகளும் வனத்துறைக்கு, கீழடி மாநிலத் தொல்லியல் துறைக்கு, ஆதிச்சநல்லூர் மத்தியத் தொல்லியல் துறைக்கு, புதுக்கோட்டை அருங்காட்சியகம் அருங்காட்சியகங்கள் துறைக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி நுழைவுச்சீட்டு, தனி விடுமுறை நாள். இவற்றைக் கோத்துத் தரும் நூல் சாலை ஒன்றுதான். வடக்கே திண்டிவனத்தில் தொடங்கித் தெற்கே பொருநைக் கரையில் முடியும் ஒரு பாதையை இந்த இதழ் முன்வைக்கிறது. நிதானமாகப் போனால் ஒரு வாரம் போதும்.

கல்லான மரமும் உள்ளே வந்த கடலும்

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகத் திருவக்கரை. பௌர்ணமியன்று வக்கிரகாளியைக் கும்பிட வரும் கூட்டத்தில் ஊரே நிறைந்துவிடும். கோயிலுக்கு வருகிறவர்களில் மிகச் சிலரே அருகிலிருக்கும் தேசியக் கல்மரப் பூங்காவுக்கு நடக்கிறார்கள். உள்ளே செம்மண் மேடுகளில் மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. வெட்டிப் போட்ட அடிமரம்தான் என்று கண் நம்பும். கை வைத்தால் கல்லின் குளிர்ச்சி. ஆண்டு வளையங்கள் தெரிகின்றன, கிளை முறிந்த கணுக்கள் தெரிகின்றன. வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த மரத்துக்கும் வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. இவை இங்கே வளர்ந்தவை அல்ல என்பதற்கு அதுதான் சாட்சி. பெருவெள்ளம் எங்கிருந்தோ அடித்து வந்து, மணலில் புதைத்து, அந்த மணலில் ஊறிய சிலிக்கா மரத்தின் இழைகளுக்குள் புகுந்து, மரப்பொருள் இருந்த இடத்தையெல்லாம் கல்லாக நிரப்பிவிட்டது. 1781-ல் சோனரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இதை முதலில் எழுதிவைத்தார். ஊரார் இவற்றை வக்கிராசுரனின் எலும்புகள் என்று சொல்லி வந்திருக்கிறார்கள். மரம் போலிருக்கும் கல்லைப் பார்த்து, ஏதோ ஓர் உயிரின் மிச்சம் இது என்று கண்டுகொண்ட மக்கள் அவர்கள். எந்த உயிர் என்பதில்தான் புவியியல் வேறு விடை சொல்கிறது.

திருவக்கரை முன்னுரை மட்டுமே. நூல் திறப்பது பெரம்பலூரில். பெரம்பலூரைத் தாண்டித் திருச்சி நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் கிழக்கே பிரிந்தால் சாத்தனூர் வரும். திருவண்ணாமலைப் பக்கத்துச் சாத்தனூர் அணை வேறு. வழி கேட்கும்போது 'கல்மரம் இருக்கிற சாத்தனூர்' என்று கேட்பது நல்லது. இங்கே ஓடைக்கரையில் கிடக்கும் ஒற்றை மரத்தின் நீளம் 18 மீட்டர். புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் கண்டறிந்தது. பூக்கும் மரங்கள் உலகில் பெருகுவதற்கு முந்தைய, ஊசியிலைக் குடும்பத்து மரம். 10 கோடி ஆண்டுகளுக்கும் மேலான வயது. திருவக்கரை மரங்களை ஆறு புதைத்தது என்றால், இதைப் புதைத்தது கடல்.

ஆம், கடல். கிரீத்தேசியக் காலத்தில் இன்றைய பெரம்பலூரும் அரியலூரும் கடலுக்கு அடியில் இருந்தன. அருகிலுள்ள காரை கிராமத்துக்குப் போனால் அந்தக் கடல்தரை வெட்டவெளியில் கிடக்கிறது. மழைநீர் அறுத்துப் பள்ளமும் வரப்புமாக ஆக்கிய மஞ்சள் களிமண் பூமி. அதில் நடந்தால் கணவாய் மீனின் பழைய உறவினங்களான பெலம்னைட்டுகளின் கூர்முனைகள் காலடியில் தட்டுப்படும். நிழல் கிடையாது; காலையில் போக வேண்டும், தண்ணீர் கொண்டுபோக வேண்டும், எதையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. இந்தப் பாறைகளை ஹென்றி பிளான்ஃபோர்டு ஆராய்ந்து 1862-ல் வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என அவர் காலத்தில் வகுத்த மூன்று பாறைத் தொகுதிகளின் பெயர்களை இன்றும் உலகெங்கும் புவியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். தன் ஊர்ப் பெயர் அப்படிப் புழங்குவதை ஊட்டத்தூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

அரியலூரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள். அவை அரைக்கும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் சிப்பிகளும் ஓடுகளும் படிந்து இறுகியது. சுரங்கம் ஒவ்வொரு நாளும் ஆழமாகிறது. கல்லோடு சேர்ந்து புதைபடிவங்களும் ஆலைக்குள் போகின்றன. அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருப்பதன் அருமை அந்த லாரிகளைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையும்போதுதான் உறைக்கும். ஆட்டுக்கொம்பாய்ச் சுருண்ட அம்மோனைட்டுகள், அடுக்கடுக்காய்ச் சிப்பிகள். எல்லாம் அக்கம்பக்கத்து மண்ணில் எடுத்தவை.

காக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் அரியலூரிலேயே சான்று உண்டு. கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து, பிருகத்காயோசாரஸ் என்ற டைனோசரை 1987-ல் இந்திய ஆய்வாளர்கள் இருவர் உலகுக்கு அறிவித்தார்கள். சொல்லப்பட்ட அளவுகள் உண்மையென்றால், உலகில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று அது. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை, சிதைந்து போய்விட்டன. அறிஞர்கள் அதைப் பற்றி இப்போது நடத்தும் விவாதமெல்லாம் பழைய வரைபடங்களையும் நிழற்படங்களையும் வைத்துத்தான். கோடிக்கணக்கான ஆண்டுகள் களிமண் காத்துவந்த ஒன்றை நாம் சில ஆண்டுகள்கூடக் காக்கவில்லை. எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் வலித்த செய்தி இது.

தலைநகரம் வயலான ஊர்

ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழர்களின் தலைநகராக இருந்த ஊர் இன்று ஒரு கிராமம். கோயில் 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதைப் பார்க்க வருகிறவர்கள் சாலையைக் கடந்து மாளிகைமேட்டுக்குப் போவதில்லை என்பதுதான் குறை. அங்கே அரண்மனையின் செங்கல் அடித்தளங்களை அகழ்ந்து காட்டியிருக்கிறார்கள். சீனப் பீங்கான் ஓடுகளும் இரும்பு ஆணிகளும் கூரை ஓடுகளும் கிடைத்த மேடு. அரண்மனைச் செங்கல்லை ஊரார் பல தலைமுறைகளாக வீடு கட்ட எடுத்துப் பயன்படுத்தினார்கள். கோயில் கல்லை அரசாங்கம் எடுத்தது, அரண்மனைச் செங்கல்லைக் குடியானவன் எடுத்தான்.

மேற்கே ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் இருக்கிறது. இப்போது பொன்னேரி. கங்கை நீரைக் குடங்களில் கொண்டுவரச் செய்து, தன் வெற்றிக்கு நீராலேயே ஒரு தூண் நிறுத்துவதாகச் செப்பேட்டில் சொல்லிக்கொண்டவன் அவன். ஏரி பல காலம் தூர்ந்து கிடந்தது. கோயிலில் ஒரு மணி நேரம் செலவிடுகிறவர்கள் ஏரிக்கரையில் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கோயில் அரசன் கட்டியது. ஊர் பிழைத்தது ஏரியால்.

தரங்கம்பாடியும் உப்புச் சாலையும்

அணைக்கரையைக் கடந்து, மயிலாடுதுறை வழியாகக் கடற்கரைக்கு வந்தால் தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டினார்கள். 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கடலைப் பார்த்து நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் மாநிலத் தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. நாயக்கர் டேனிஷ் மன்னருக்கு எழுதிய பொன்னோலையோ கோபன்ஹேகனில் இருக்கிறது.

தமிழில் படிக்கிற ஒவ்வொருவருக்கும் தரங்கம்பாடியோடு ஓர் உறவு உண்டு. 1706 ஜூலையில் இங்கே கரையிறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார். ஏடுகளைத் தேடித் தொகுத்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகளைக் கொண்டு அச்சுக்கூடம் நடத்தினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அச்சேறி முடிந்தது. ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரியவை, தாளைத் தின்றன. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், பொறையாரில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். அவர் 1718-ல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. கோட்டைக்கு வடக்கே அலைவாயில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஒரே பார்வையில் பாண்டியர் கோயில், டேனிஷ் கோட்டை, ஜெர்மானியப் பாதிரியாரின் ஆலயம் மூன்றும் தெரியும் ஊர் இது.

தெற்கே நாகப்பட்டினம், வேளாங்கண்ணி கடந்து வேதாரண்யம். உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும் நிலம். ராஜாஜி 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்கத் தொடங்கி, தஞ்சை, கும்பகோணம் வழியாக ஏறத்தாழ 240 கிலோமீட்டரைக் கடந்து வந்து, அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ தருகிறவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சை மாவட்ட கலெக்டர் தார்ன் ஆணை போட்டிருந்தார். மக்கள் என்ன செய்தார்கள்? சாலையோர மரக் கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கொடுத்தவர் யாரென்று சட்டம் எங்கே போய்த் தேடும்?

அதே வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை மடக்கினார். வழக்கு மன்றத்தில் நிறுத்தியபோதும் அவர் இறங்கிவரவில்லை. அகத்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவிடம் இருக்கிறது. வைரப்பனுக்கும் ஊரில் நினைவுச்சின்னம் உண்டு. தண்டியாத்திரையைப் பாடப்புத்தகத்தில் படித்த நம் பிள்ளைகளுக்கு இந்தச் சாலையைக் காட்டுவது பெற்றோர் கடமை என்றே சொல்வேன்.

இன்னும் சற்றுத் தெற்கே நிலம் முடியும் இடம் கோடியக்கரை. 1967-ல் சரணாலயமானது, 2002-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. முறுக்கிய கொம்புகளோடு வெளிமான்கள் புல்வெளியில் மேயும். மழைக்காலம் கழிந்த மாதங்களில் சதுப்பில் பூநாரைகள் கூடும். கடலோரத்து உலர் பசுமைமாறாக் காடு இந்த அளவுக்கு மிஞ்சியிருப்பது அரிது. வனத்துறை காலையிலும் மாலையிலும் அனுமதிக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

ஒரு சமஸ்தானம் சேர்த்துவைத்தது

பட்டுக்கோட்டை வழியாக மேற்கே திரும்பினால் நெல்வயல் குறைந்து பாறையும் கண்மாயுமாக நிலம் மாறும். புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானம். அதனால் இங்கே ஒரு நன்மை நடந்தது: தன் எல்லைக்குள் கிடைத்ததைத் தன் ஊரிலேயே வைத்துக்கொள்ள அதற்கு அதிகாரம் இருந்தது. 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இன்றும் இருக்கிறது. செப்புத் திருமேனிகள், ஓவியங்கள், படைக்கலங்கள், பாடம் செய்த விலங்குகள், கற்கள், நாணயங்கள் என எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கும் பழைய பாணி அருங்காட்சியகம். அந்தப் பாணியை மாற்றிவிடாதிருக்க வேண்டும். ஒரு சிறு நாடு தன்னைத் தானே எப்படிப் பார்த்துக்கொண்டது என்பது அந்த அடுக்கிலேயே தெரிகிறது.

அங்கே பார்த்துவிட்டுச் சித்தன்னவாசலுக்குப் போக வேண்டும். முதலில் ஏழடிப்பட்டம். பாறையைப் பிடித்துக்கொண்டு ஏறிப்போனால் இயற்கைக் குகையில் சமண முனிவர்கள் படுத்த 17 வழவழப்பான கற்படுக்கைகள். ஒன்றில் தமிழ் பிராமிக் கல்வெட்டு. எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக அந்தப் படுக்கை அமைக்கப்பட்டதைச் சொல்கிறது. இன்றைய மைசூர்ப் பகுதியே எருமைநாடு என்பார்கள். 2,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து ஒருவர் நடந்து வந்து இந்தக் குகையில் தங்கியிருக்கிறார்.

கீழே அறிவர் கோயில். விதானத்தில் 9-ம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத் தாமரைக் குளம்: மீன்கள், வாத்துகள், யானை, எருமை, மலர் பறிக்கும் மனிதர்கள். சமஸ்தான வரலாற்றை எழுதிய எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916-ல் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் வெளியுலகம் எட்டிப்பார்த்தது. வண்ணங்கள் பெரிதும் மங்கிவிட்டன. வெளிச்சத்துக்குக் கண் பழகும்வரை பொறுமையாக நின்றால் குளம் மெல்ல மேலே எழும். கோயிலுக்குள் அவசரப்படுகிற குடும்பங்கள் ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகின்றன.

வைகையிலிருந்து பொருநைக்கு

திருமயம் கோட்டையை வழியில் பார்த்துக்கொண்டு மதுரை வந்து, ராமநாதபுரம் சாலையில் திரும்பினால் கீழடி. 2014-15-ல் மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணன் குழு தென்னந்தோப்புகளுக்கு இடையே தோண்டத் தொடங்கியது. 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தொடர்கிறது. செங்கல் கட்டுமானம், உறைகிணறு, ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானை ஓடுகள். ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 வரை போகிறது. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் முற்றமும் தூணுமாகக் கட்டப்பட்டிருக்கிறது. இங்கே எனக்குப் பிடித்தது மன்னர் எவரும் இல்லாதது. பொருள்கள் அனைத்தும் பானை செய்தவருடையவை, நூல் நூற்றவருடையவை, தாயம் ஆடியவருடையவை. பக்கத்துக் கொந்தகையில் அந்த மக்களின் இடுகாடு. வாழ்ந்த இடத்தையும் புதைத்த இடத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

கடைசி நிறுத்தம் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், பொருநையின் தென்கரையில். ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876-ல் தோண்டிய ஜெர்மானியர் யாகோர், கிடைத்தவற்றை பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது கிடைத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் இரும்புக் கருவிகளும் சென்னைக்குப் போயின. இந்த மண்ணில் பிறந்தவர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தங்கள் முன்னோரின் பொருள்களைத் தங்கள் ஊரில் பார்க்கவில்லை. மத்தியத் தொல்லியல் துறை 2021-ல் மீண்டும் தோண்டியது. 2023 ஆகஸ்டில் அந்தக் குழிகளுக்கு மேலேயே கண்ணாடித் தளம் அமைத்துத் திறந்தார்கள். இறந்தவர்களை இட்ட முதுமக்கள் தாழிகளை எடுக்கவில்லை, புதைத்தவர்கள் வைத்த நிலையிலேயே, மூடியும் சிறு கலயங்களும் சூழ, நம் காலுக்குக் கீழே இருக்கின்றன. இந்தியாவில் அருங்காட்சியகம் என்ற சொல்லுக்கு இதுவரை இருந்த பழக்கத்தை மாற்றிக் காட்டும் முயற்சி இது. அரியலூரிலும் மாளிகைமேட்டிலும் இதையே செய்ய வேண்டும்.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. ரீ எடுத்துச் சென்ற ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றை முதலில் பார்த்துவிட்டுப் புறப்பட்டால், வாரக் கடைசியில் பரம்பின் மேல் நிற்கும்போது எந்தக் குழியிலிருந்து என்ன போனது என்பது மனத்தில் இருக்கும். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை காலை அங்கே முடித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்டிவனம் சாலையைப் பிடிக்கலாம்.